ஆடி மாசம் பூரா விழுந்த ஒச்சம்மா

வா தாயி, உள்ள வா. செருப்ப அங்கிட்டு ஓரமா விடு, நடுவுல விட்றாத, இந்த வளவுல நடையில செருப்பக் கெடக்கவிட்டா நாய் கூடக் கவ்விக்கிட்டுப் போயி ஓரத்துல வச்சிட்டுத்தான் மறுவேல பாக்கும். காபி இந்தா கையிலதான் இருக்கு, கொதிக்கிது, செத்த நேரம் ஆறட்டும், தர்றேன். நான் சாஞ்சாப்புல நிக்கிறதப் பாக்காத, அது கெடக்கு. போறபோக்குல அந்த செல்போன் சார்ஜர் வயர மட்டும் சுருட்டி மேல போட்டுரு. ஆங், அப்பிடித்தான்.

என்ன கேட்ட? இந்த வளவுல பன்னெண்டு குடித்தனம் இருக்கு, ஒரு வீட்டுலயும் கால் தொடைக்கிற மிதியடி இல்ல, எல்லா வாசப்படியிலயும் சரிவாப் பலகை கெடக்கு, வீட்டுக்குள்ள இடுப்பு ஒசரத்துக்குச் சேலக்கயிறு ஓடுது, குளிக்கிற எடத்துலயெல்லாம் நாற்காலி கெடக்கு, இது என்ன வளவா ஆஸ்பத்திரியான்னு கேட்ட. நல்லாக் கேட்ட. குடிவந்த அன்னைக்கே கேட்டியே, உனக்கு முன்னாடி இருந்தவ வருசக்கணக்கா இருந்துட்டு, ஒரு வார்த்த கேக்காம, சாமான் ஏத்துன வண்டியில உக்காந்துக்கிட்டுத்தான் 'அதெல்லாம் என்னத்துக்கு'ன்னு கேட்டா, வண்டி கெளம்பிருச்சு, பாவம், இன்னும் தெரியாமத்தான் இருப்பா.

எல்லாம் ஒச்சம்மா மதினி விழுந்தது தொட்டு வந்தது.

ஒச்சம்மா மதினி யாருன்னா, அந்தா கடைசி வீடு, தவமணியோட ஆத்தா. தவமணி ஷேர் ஆட்டோ ஓட்டுறவன், அவன் பொண்டாட்டி முத்துராணி தையல் கம்பெனிக்குப் போறவ. மதினி அந்தக் காலத்துல பிரசவ ஆஸ்பத்திரியில ஆயாவா இருந்தா. பெறந்த பிள்ளையக் கழுவிச் சுருட்டிக் கையில குடுக்குற வேல, செல்லூர்ப் பக்கம் இன்னைக்கு மீச வச்சுக்கிட்டுத் திரியிற ஆம்பளைகள்ல பாதிப்பேரு அவ கையில வழுக்கி வந்தவய்ங்கதான், ஒருத்தனக் கூட அவ கீழ விட்டதில்ல. 'இந்தக் கை எதையும் கீழ விட்டதில்லடி சிட்டு'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா, சிட்டுன்னா நான், சிட்டம்மா. அந்தப் பெருமைதான் அவளுக்குச் சொத்து, அதுதான் பின்னாடி அவளுக்கு வெனையாவும் வந்துச்சு.

அது ஆடி மொத வெள்ளி. விடிஞ்சும் விடியாம எந்திரிச்சு மதினி நிலப்படியக் கழுவி, மஞ்சப் பூசி, குங்குமம் வச்சு, வேப்பல சொருகி, குழாயடிக்கு வந்து ஒரு கொடம் தண்ணி பிடிச்சா. பச்சக் கலரு பிளாஸ்டிக் கொடம், விளிம்பு ஒடஞ்சு ஒட்டுப் போட்டது, அதுக்கு ஒரு மதிப்பும் கெடையாது, ஆனா அத இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு நடந்தான்னா எங்க எல்லாத்துக்கும் வழி விடத் தோணும். எங்க வளவு நிலப்படி ஒசரம், நீயே பாத்தியே, அரை முழங்காலுக்கு வரும், அத மிதிக்கவும் கூடாது, மகாலெச்சுமி உக்காந்திருக்கா, தாண்டித்தான் போகணும். மதினி காலத் தூக்குனா, தூக்குன காலு நிலப்படியத் தாண்டுச்சு, தாண்டுன காலு உள்ள கெடந்த மிதியடியில பட்டுச்சு, மிதியடி சர்ருன்னு போச்சு, 'ஆத்தீ'ன்னா, விழ ஆரம்பிச்சா.

குழாயடியில நின்னவளுக பூராப் பேரும் கொடத்தப் போட்டுட்டு ஓடுனோம். ஓடிப்போயிப் பாத்தா, இன்னும் விழுந்துக்கிட்டே இருக்கா.

"மெதுவா, மதினி, மெதுவா"ன்னு கத்துனேன் நான்.

"மெதுவாத்தாண்டி விழுறேன், கத்தாத, பிள்ளைக தூங்குது"ன்னா.

நெசமாவே மெதுவாத்தான் விழுந்தா. காலையில ஏணி சாத்துனாப்புல இருந்தவ, மத்தியானம் ஆத்தங்கர தென்னமரம் சாஞ்சாப்புல ஆனா, பொழுது சாயிறப்பவும் அம்புட்டுத்தான், அதுக்கு மேல எறங்கல. இடுப்புல கொடம் அப்பிடியே, கொடத்துத் தண்ணி விளிம்பு வர வந்து எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிது, ஒரு சொட்டு சிந்தல. தவமணி ஆட்டோவப் போட்டுட்டு ஓடியாந்து ஆத்தாளத் தூக்கி நிமித்தப் பாத்தான், முடியல. வளவு ஆம்பளைக எல்லாம் சேந்து தேர் இழுத்தாப்புல இழுத்தாய்ங்க, மேலுக்கும் வரல, கீழுக்கும் போகல, மதினிக்குக் கிச்சுக்கிச்சு வந்து சிரிச்சதுதான் மிச்சம். முக்குல இருக்க டாக்டரக் கூட்டியாந்தோம். அவரு சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "விழுந்தா எக்ஸ்ரே எடுக்கலாம், மாவுக்கட்டுப் போடலாம். விழுறதுக்கு மருந்து இல்லைங்கம்மா, விழுந்த பெறகு கூட்டிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டு, நிலப்படியில கால் இடிச்சுக்கிட்டுப் போனாரு.

சாப்பாடு எப்பிடின்னு கேப்ப. மருமக முத்துராணிதான் ஊட்டிவிட்டா. மத்ததெல்லாம் எப்பிடின்னு கேக்காத, விழுந்துக்கிட்டிருக்க பொம்பளைக்கு அந்த நெனப்பெல்லாம் வராது, அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.

ஆனா தாயி, சிரிப்பு ஒரு பக்கம் இருந்தாலும் மதினிக்கு உள்ள பயம் இருந்துச்சு, எங்களுக்கும் இருந்துச்சு. ஏன்னா அவ மாமியா இப்பிடித்தான், இதே நிலப்படியில, சும்மா வெடுக்குன்னு விழுந்தா, இடுப்பெலும்பு விட்டுப்போச்சு, கயித்துக்கட்டில்ல போட்டாய்ங்க, செவுத்தப் பாத்துப் படுத்தவ செவுத்தப் பாத்தே போய்ச் சேந்தா. போறவரைக்கும் அவளுக்குச் செஞ்சவ மதினிதான். "சிட்டு, நான் செத்தாக்கூட நின்னுக்கிட்டே சாவேன்டி, அந்தக் கட்டில்ல மட்டும் படுக்க மாட்டேன்"னு எத்தன தடவ சொல்லியிருக்கா. இப்ப அவ இடுப்பெலும்பு தரையப் பாத்து எறங்கிக்கிட்டு இருக்கு, எங்க போயி எறங்கப்போகுதுன்னு யாருக்கும் தெரியல.

மொதல்ல என்ன செஞ்சோம், மெத்தையப் போட்டோம். விழுறவளுக்குக் கீழ மெத்தையப் போடுறதுக்குப் படிப்பா வேணும்? வளவுல இருந்த பஞ்சுமெத்த, கோரப்பாய், தலகாணி, பழைய சேல மூட்ட, எல்லாத்தையும் கொண்டாந்து அடுக்கிட்டு, அப்பாடான்னு போயிட்டோம். காலையில வந்து பாத்தா மதினி மெத்தைக்கு மேல இல்ல. கடியார முள்ளு கணக்கா லேசாத் திரும்பி, அடுப்படிப் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கிற சமையல் கேஸ் சிலிண்டருக்கு நேரா இடுப்பக் கொண்டு போயி வச்சிருக்கா. சிலிண்டர உருட்டிக்கிட்டுப் போயி ஓரத்துல வச்சா, மறுநா டிவி வயருக்கு நேரா வந்து நிக்கிறா. வயரச் சுருட்டிக் கட்டுனா, ஒத்தக்கால் ஆடுற முக்காலியப் பாத்துத் திரும்புறா. என்னடா கூத்துன்னு பாத்தா, வீட்டுக்குள்ள எங்கெங்க ஆளக் கவுத்துறதுக்குன்னே ஒரு சாமான் காத்துக்கிட்டு இருக்கோ, அங்கெல்லாம் அவ விழுகை அவள இழுத்துக்கிட்டுப் போகுது. அது இருக்குற வரைக்கும் மெத்தையெல்லாம் அதுக்குக் கண்ணுலயே படல.

"அப்பச் சரி"ன்னா மதினி. "இந்த வீட்டுல எனக்காகக் காத்துக்கிட்டிருக்க அம்புட்டையும் எடுங்க. நானே சொல்றேன். இப்பிடிச் சாஞ்சு பாத்தாத்தான்டி தெரியிது, நிமிந்து நடக்குறப்ப ஒரு எழவும் தெரியல."

அன்னையிலிருந்து மதினி சொல்லச் சொல்ல நாங்க செஞ்சோம். இடுப்புல கொடமும் அந்தரத்துல ஒடம்புமாக் கெடந்துக்கிட்டு அவ பண்ணுன அதிகாரத்த மாநகராட்சியில யாரும் பண்ணியிருக்க மாட்டாக. மிதியடி போச்சு. நான்தான் தாயி பழைய சேலையக் கிழிச்சுப் பின்னி அவளுக்குக் குடுத்த மிதியடி அது, பூவெல்லாம் வச்சுப் பின்னுனது, "உன் பூவுலதான்டி நான் கால வச்சேன்"னு கேட்டா பாரு, அதோட மிதியடி பின்னுறத விட்டேன். மேப்பரண்ல இருந்த பருப்பு டப்பாவும் அண்டாவும் கைக்கெட்டுற எடத்துக்கு எறங்குச்சு, இனிமே ஒருத்தியும் முக்காலி போட்டு ஏற வேணாம்னு. கட்டில் ரொம்பத் தாழ்வு, எந்திரிக்கிறப்பதான் தள்ளுதுன்னு, காலுக்கு அடியில மரக்கட்டையக் குடுத்து ஒசத்துனோம். குளிக்கிற எடத்துல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அது காலுக்கு அடியில ரப்பர் விரிப்பு. அடுப்படிக்குப் போற இருட்டு மூலையில பிளக்குல சொருகுற சின்ன லைட்டு. படி எங்கெங்க ஏறி எறங்குதோ அந்த விளிம்புல பூரா மஞ்சப் பூசச் சொன்னா. "நிலப்படிக்குப் பூசுனது லெச்சுமிக்கு மட்டும்னா நெனச்சீக? மங்கலான கண்ணுக்கும் படி எங்க இருக்குன்னு தெரியத்தான்டி"ன்னா. நெசமோ பொய்யோ, பூசுனதும் படியெல்லாம் பளிச்சுன்னு 'நான் இங்க இருக்கேன்'னு சொல்லுச்சு.

நிலப்படிதான் பெரும்பாடு. அத வெட்டவும் முடியாது, லெச்சுமி. தாண்டவும் முடியாது, முழங்காலு. தவமணி தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். சாயங்காலம் ஆட்டோவ வளவுக்குள்ள ஏத்துறதுக்கு வாசல்ல சரிவாப் போட ரெண்டு பலகை வச்சிருப்பான், கனமான பலகை. அதப் போட்டு ஆட்டோவ ஏத்திட்டு உள்ள வந்தான். மதினி அவனையே பாத்தா.

"ஏன்டா தவமணி, ஆட்டோவுக்குக் கால் வலிக்கும்னு தெரிஞ்சிருக்கு உனக்கு."

அவனுக்குக் கொஞ்ச நேரம் வெளங்கல. வெளங்குனதும் எந்திரிச்சுப் போயி அந்த ரெண்டு பலகையையும் தூக்கியாந்து நிலப்படிக்கு அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணாச் சாச்சுப் போட்டான், அடியில மணல் மூட்ட. படியில கால் படாது, படியத் தாண்டவும் வேணாம், லெச்சுமி பாட்டுக்கு லெச்சுமி இருப்பா. அவன் அன்னைக்கு அழுதானான்னு எனக்குத் தெரியாது, நான் பாக்கல, பாத்தாலும் சொல்ல மாட்டேன்.

இதுக்கெடையில சனம் வர ஆரம்பிச்சிருச்சு. ஒடம்பு முடியாதவுகளப் பாக்கப் போனா ரொட்டி, சாத்துக்குடி வாங்கிட்டுப் போறது ஊர் வழக்கம். ஆனா இன்னும் விழாதவளுக்கு ரொட்டி வாங்கலாமா? உசிலம்பட்டியிலருந்து வந்த சொந்தக்காரவுக எல்லாம் வளவு வாசல்ல நின்னு வாதாடுனாக. கடைசியில விழுந்தவுகளுக்கு ரொட்டி, விழுந்துக்கிட்டிருக்கவுகளுக்கு வெறும் ரஸ்க்குன்னு முடிவாச்சு, இன்னைக்கு வரைக்கும் எங்க பக்கம் அதான் மொற. மொக்கத்தாயின்னு ஒரு கெழவி, மதினியோட ஒண்ணுவிட்ட நாத்தனா, ஒப்பாரிக்குப் பேர்போனவ, அவ வாசல்லயே மாரடிச்சுக்கிட்டு "பொன்னான மேனியெல்லாம் பூமியில சாயுதடி"ன்னு எடுத்துட்டா. மதினி கோவப்படல. "மொக்கத்தாயி, பாட்டு நல்லாருக்கு, மிச்சத்த வச்சிரு, வேண்டியப்பச் சொல்லிவிடுறேன். இப்ப அந்த மேப்பரண் டப்பாவ எறக்கு"ன்னா. கெழவி ஒப்பாரிய அந்தரத்துல நிப்பாட்டிட்டு டப்பாவ எறக்குனா. அந்த நிப்பாட்டுன பாட்டு தொண்டையில சிக்கிக்கிட்டு ரெண்டு மாசம் ஏப்பமா வந்துச்சாம் அவளுக்கு, அது வேற கத.

கோயில் பூசாரி ஆடிக்கூழ் கொண்டாந்தவரு, திருநீற நின்னுக்கிட்டிருக்கவுகளுக்குக் குடுக்குறாப்புலக் குடுக்குறதா, படுத்திருக்கவுகளுக்குப் பூசி விடுறாப்புலப் பூசுறதான்னு கொழம்பிப்போயி, பாதி குடுத்துப் பாதி பூசிட்டுப் போனாரு. பால்காரன் பழகிட்டான். குனிஞ்சு மதினிக்கு அடியில பூந்து பால் ஊத்திட்டு, "வர்றேன் பெரியாத்தா, பாத்து விழுங்க"ன்னு போவான். மூணாவது வாரத்துல யாரும் அதப் பெருசா எடுத்துக்கல. மழ பெய்யிற மாதிரி, கரண்டு போற மாதிரி, ஒச்சம்மா விழுந்துக்கிட்டு இருக்கா, அம்புட்டுத்தான்.

தாயி, அந்த வாளிய அப்பிடியே கொஞ்சம் தள்ளி வையி. ஆங், கொஞ்சம். போதும். காபி இன்னும் சூடாத்தான் இருக்கு.

வீட்டுக்காரருக்குச் சேதி போச்சு. இந்த வளவு பூரா சோலமலைங்கிறவருக்குச் சொந்தம். நல்ல மனுசன், ஆனா செவுத்துமேல உசுரு. ஆணி அடிக்க விடமாட்டாரு. செவுத்துல காத வச்சுக் கேட்டே எங்க ஆணி எறங்கியிருக்குன்னு கண்டுபிடிச்சிருவாரு. அவருக்குப் பயந்துக்கிட்டு ரெண்டாம் வீட்டு வாத்தியாரு காலண்டர மாட்ட முடியாம வருசம் பூராக் கையிலயே பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சாரு, பள்ளிக்கூடத்துக்குக் கூட அதோடதான் போனாரு, தேதி கேக்குறவுக எல்லாம் அவரத்தான் பாக்குறது. அப்பேர்ப்பட்ட வீட்டுக்காரருக்கு, ஒச்சம்மா வீட்டுல என்னமோ மராமத்து நடக்குதுன்னு யாரோ சொல்லிட்டாக. நாங்க ஒரு ஆணி அடிக்கல தாயி. பிடிச்சு நடக்க ஒரு பிடி வேணுமேன்னு முத்துராணி பழைய சேலையா எடுத்து மூணு புரியா முறுக்கிப் பின்னி, வாசப்பக்கச் சன்னல் கம்பியிலருந்து அடுப்படிச் சன்னல் கம்பி வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தா, செவுத்த ஒட்டி, இடுப்பு ஒசரத்துக்கு. அதுக்கு எதுக்கு ஆணி?

வந்தாரு. மேல செவுத்தப் பாத்துக்கிட்டே வந்தாரு.

"பலகையில ஏறி வாங்கண்ணே"ன்னேன்.

"எங்கப்பா வச்ச நிலப்படி இது. எம் வீட்டுக்குள்ள நான் தாண்டித்தான் போவேன்"ன்னு பலகைய ஒதுக்கிட்டுக் காலத் தூக்குனாரு. கண்ணு செவுத்துல. காலு படியில. தொப்புன்னு விழுந்தாரு. மெதுவால்லாம் இல்ல, சாதாரண மனுசன் விழுற மாதிரி ஒரே விழுகையா, நல்லவேளையா மதினிக்குன்னு போட்டு வச்சிருந்த மெத்தையில போயி மல்லாக்க விழுந்தாரு. மேல பாத்தா, அந்தரத்துல மதினி, இடுப்புல கொடத்தோட அவரக் குனிஞ்சு பாக்குறா.

"வாங்க வீட்டுக்காரரே. ஆடி பூரா நான் வரிசையில நிக்கிறேன், நீங்க முந்திக்கிட்டீகளே."

அவரு எந்திரிக்காம கண்ண நாலாப்பக்கமும் ஓட்டுனாரு. கீழ கெடந்து பாத்தாருல்ல, வீடு அவருக்கும் வேற மாதிரித் தெரிஞ்சிருக்கணும். "ஒச்சம்மா, ஆணி அடிச்சுக்கங்க. வேணும்னா இந்தப் படிய இடிச்சுக்கூடப் போட்டுக்கங்க"ன்னாரு, அழுவுற மாதிரி.

"ஒண்ணையும் இடிக்க வேணாம், ஆணியும் வேணாம். வேலையெல்லாம் முடிஞ்சிருச்சு. நீங்க எந்திரிங்க மொதல்ல, நான் விழ எடம் வேணும்"ன்னா மதினி. வீட்டுக்காரரு முத்துராணி கட்டுன சேலக்கயித்தப் பிடிச்சு எந்திரிச்சாரு. அந்தக் கயித்துல மொத மொத எந்திரிச்சது அவருதான். போறப்ப பலகையிலதான் போனாரு. மறுநாளு எல்லா வீட்டுக்கும் பலகை வந்து எறங்குச்சு, வாத்தியாரு வீட்டுக்கு மட்டும் ஒரு ஆணியும் சேந்து வந்துச்சு.

அவரு மட்டும் ஏன் வேகமா விழுந்தாரு, மதினி மட்டும் ஏன் மெதுவா விழுறான்னு அன்னைக்கு யாரும் யோசிக்கல. நானும் யோசிக்கல.

ஆடி முடியப் போகுது. வீட்டுல எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தாச்சு, வைக்க வேண்டியதெல்லாம் வச்சாச்சு. மதினி தரைக்கு ஒரு சாண் மேல வந்துட்டா. அப்பத்தான் தாயி வந்துச்சு வென. மெத்தைக்கு மேல வந்து எறங்கப் போறான்னு பாத்துக்கிட்டே இருக்கோம், அவ மறுபடி லேசாத் திரும்புறா. கடியார முள்ளு மாதிரி. திரும்பித் திரும்பி, அவ மாமியா விழுந்தாளே அதே நிலப்படி விளிம்புக்கு நேரா இடுப்பெலும்பக் கொண்டு போயி வச்சிட்டா. மெத்தைய நகத்துனா இடுப்பும் நகருது. விளிம்புல சேலையச் சுத்துனா சுத்துன எடத்த விட்டுட்டு அடுத்த எடத்துக்குப் போகுது.

"இன்னும் என்னமோ ஒண்ணு பாக்கி இருக்குடி"ன்னா. குரல் மாறிப்போச்சு. "என்னமோ ஒண்ண எடுக்காம விட்டுட்டீக. தேடுங்க."

தேடுனோம். பரண், அடுப்படி, கட்டிலுக்கு அடி, எல்லாம் தேடுனோம். ஒரு ஊசி கூட இல்ல. தவமணி ஓட்டப்போன ஆட்டோவத் திருப்பிக்கிட்டு வந்துட்டான். ராணி வேலைக்குப் போகல. மதினி கண்ண மூடிக்கிட்டா, அந்தக் கட்டிலத்தான் நெனச்சிருப்பா.

அன்னைக்குன்னு பாத்து டெங்குக்குப் பாக்குற பிள்ள வந்துச்சு. அதான், கையில டார்ச்ச வச்சுக்கிட்டு வீடு வீடாப் பூந்து தொட்டி, டயரு, தேங்காத்தொட்டின்னு தண்ணி தேங்கியிருக்கான்னு பாக்குமே, அந்தப் பிள்ள. வந்துச்சு, மதினியச் சுத்துச்சு, டார்ச்ச அடிச்சுச்சு.

"பாட்டிம்மா, கொடத்துல புழு நெளியுது. தண்ணிய ஊத்தணும்."

நாங்க எல்லாரும் அப்பத்தான் அந்தக் கொடத்தப் பாத்தோம். ஆடி பூரா அத்தன பேரு பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம், ஆனா அது அவ இடுப்புல ஒரு சதையாட்டம் இருந்துச்சு, அது ஒரு சாமான்னே யாருக்கும் தோணல. ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சிருந்தா. அப்பிடிப் பிடிச்சிருந்தா எந்தக் கையால எதப் பிடிக்கிறது? அந்தப் பக்கம் பூராக் கனம், அந்தக் கனந்தான் அவ இடுப்ப நிலப்படிக்குத் திருப்புது.

"மதினி, கொடத்தக் குடு"ன்னேன்.

"மாட்டேன்."

"ஆத்தா, குடு ஆத்தா"ன்னான் தவமணி.

"போடா. இந்தக் கை எதையும் கீழ விட்டதில்ல."

டெங்குப் பிள்ள, "பாட்டிம்மா, நோட்டீஸ் குடுத்துருவாக"ன்னுச்சு. "குடுக்கச் சொல்லு, விழுந்துட்டு வாங்கிக்கிறேன்"ன்னா.

முத்துராணி எல்லாரையும் வெளிய போகச் சொன்னா. நான் போகல, நான் எதுக்குப் போகணும்? ராணி மாமியாளுக்குப் பக்கத்துல, தரையில, சப்பணம் போட்டு உக்காந்தா. தரைக்கு ஒரு சாண் மேல மதினி இடுப்பு, ரெண்டு பேரு மொகமும் நேருக்கு நேரு.

"என்ன பயம் அத்த உங்களுக்கு?"

மதினி கொடத்த இன்னும் நெருக்கிப் பிடிச்சா. பெறகு மெதுவா, "எங்க மாமியா எங்கிட்ட என்னைக்குக் கொடத்தக் குடுத்தாளோ, அன்னைக்குத்தான்டி நாங்க அவளக் கட்டில்ல போட்டோம். கையில உள்ளத எறக்கி வச்சுட்டா, அப்பறம் ஆளையும் எறக்கி வச்சிருவீக"ன்னா.

நான் அழப் பாத்தேன். ராணி அழல.

"அத்த, ஆடி பூரா உங்க கையில கொடத்தத் தவிர ஒண்ணும் இல்ல. அப்பிடியே கெடந்துக்கிட்டு, உங்க மகன ஏசுனீக, வீட்டுக்காரர வெரட்டுனீக, எங்க வீட்டத் தலகீழாத் திருப்பி வச்சீக, நேத்து ரசத்துல உப்பு இல்லன்னு அந்தரத்துலருந்தே கண்டுபிடிச்சீக. உங்கள யாராலயும் எறக்கி வைக்க முடியாது. உங்க வாயி எறங்கப்போறதும் இல்ல. கொடத்த மட்டும் குடுங்க."

மதினி அவளையே பாத்தா. பெறகு சிரிப்பு வந்துச்சு அவளுக்கு, சிரிச்சதுல கொடம் ஆடுச்சு, ஆடி மொத வெள்ளியிலருந்து சிந்தாத தண்ணி மொத மொறையா ஒரு சொட்டுச் சிந்துச்சு.

"நல்லாப் பிடிச்சுக்க. கீழ விட்றாத"ன்னு ரெண்டு கையாலயும் நீட்டுனா, பெறந்த பிள்ளையக் குடுக்குற மாதிரி. ராணி ஒரு கையில கொடத்த வாங்குனா, இன்னொரு கைய நீட்டுனா. மதினி அந்தக் கையப் பிடிச்சா. பிடிச்ச நிமிசமே அவ இடுப்பு நிலப்படிய விட்டுத் திரும்பி, மெத்தைக்கு மேல வந்து, பூனை உக்காருற மாதிரிச் சத்தமே இல்லாம உக்காந்துட்டா. அம்புட்டுத்தான். ஒரு எலும்பு அலுங்கல. வெளிய நின்ன சனம் என்னமோ பெருசாச் சத்தம் கேக்கும்னு காதப் பொத்திக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்துச்சு.

"ராணி, அந்தத் தண்ணியக் கோழிக்கு வையி, புழு திங்கும்"ன்னுட்டு, சேலக்கயித்தப் பிடிச்சு எந்திரிச்சா, கயித்தப் பிடிச்சுக்கிட்டே நடந்தா, பலகையில எறங்கி வாசலுக்கு வந்தா. உசிலம்பட்டிக்காரவுக ரஸ்க்கத் திருப்பி வாங்கிக்கிட்டுப் போயிட்டாக. ராணி கொடத்துல தண்ணி பிடிக்கிறா இப்ப, மதினி வாசல்ல உக்காந்து அது எம்புட்டு நெறையணும்னு சொல்லுவா. அந்தா பாரு, இப்பவும் உக்காந்து நம்மளத்தான் பாக்குறா.

அன்னைக்குத்தான் எனக்கு வெளங்குச்சு தாயி. கையில ஒண்ணும் இல்லாதவன் சட்டுன்னு விழுந்துருவான். கையில எதையோ பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறவதான் மெதுவா விழுவா. அவளுக்கு யோசிக்க நேரம் குடுக்குறாக போல, யாரு குடுக்குறாகன்னு கேக்காத.

என்ன தாயி, அப்பிடிப் பாக்குற? ஆமா. நீ வந்தப்ப லேசாத்தான் சாஞ்சிருந்தேன், இப்பத்தான் ரொம்பச் சாஞ்சிருக்கேன். புதுசாக் குடி வந்த பிள்ளைக்கு நம்ம கையால காபி குடுக்கணும்னு வேகமா வந்தேன், அடுப்படியில ஈரம். கயித்தப் பிடிச்சிருக்கலாம், கையிலதான் டம்ளர் இருந்துச்சே. வயர எடுத்துட்ட, வாளிய எடுத்துட்ட, செருப்பும் ஓரமாத்தான் கெடக்கு, நல்ல பிள்ள நீ. பாக்கி ஒண்ணே ஒண்ணுதான்.

இந்தா, காபிய வாங்கு. ஆறிப்போச்சு, சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன். நல்லாப் பிடிச்சியா?

இப்பக் கையக் குடு.